முழங்கையை மறக்கச் சொல்லும் அறிவியல்

"பந்தைக் கடைசி வரைக்கும் பாருடா!" கிரிக்கெட் சொல்லித் தரும் எந்த மைதானத்துக்குப் போனாலும் மாலையில் இந்தக் குரல் கேட்கும். சொல்பவர் தானும் நன்றாக ஆடியவர்தான். ஆனால் ஆடிய காலத்தில் அவர் பந்தைக் கடைசி வரைக்கும் பார்த்திருக்க மாட்டார். வேகப்பந்தை அப்படி யாராலும் பார்க்க முடியாது.

2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆய்வாளர்கள் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியட்டும் இதை அளந்தே காட்டினார்கள். திறமையில் மூன்று படிகளில் இருந்த மூன்று பேட்ஸ்மேன்களின் தலையில், கண்ணசைவைப் பதிவு செய்யும் சிறு கேமராவைப் பொருத்தினார்கள். பவுலிங் மெஷினிலிருந்து மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பந்துகள் வந்தன. மூவரின் கண்களும் ஒரே காரியத்தைத்தான் செய்தன. பந்து மெஷினை விட்டு வெளியேறும்போது அதன்மேல் நின்றன. பிறகு பந்தை விட்டுவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்குத் தாவி, அங்கே அதற்காகக் காத்திருந்தன. குத்தி எழுந்த பின் சற்று நேரம் அதைத் தொடர்ந்தன. வித்தியாசம் எங்கே இருந்தது என்றால், அந்தத் தாவலின் நேரத்தில். தேர்ந்த ஆட்டக்காரரின் கண் மற்றவர்களுடையதைவிட முன்னதாகவே குத்தும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வேகப்பந்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் அவசியம் விளங்கும். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்து, பவுலரின் கையிலிருந்து பேட்டை அடைய ஏறக்குறைய அரை விநாடி எடுக்கும். குட் லெங்த்தில் குத்திய பிறகு அதில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். மெக்லியட் 1987லேயே ஒரு சோதனை செய்திருந்தார். தரை விரிப்புக்கு அடியில் மரக்கட்டைகளை மறைத்து வைத்து, குத்திய பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாதபடி செய்தார். சர்வதேச அளவில் ஆடிய பேட்ஸ்மேன்கள் அதை எதிர்கொண்டார்கள். பந்து திரும்பிய பிறகு பேட்டின் போக்கை மாற்ற அவர்களுக்கும் சுமார் 200 மில்லி விநாடி தேவைப்பட்டது. அது உங்களுக்கும் எனக்கும் ஆகும் நேரம்தான். ஆக, பெரிய ஆட்டக்காரர்களுக்குக் கழுகுக் கண் இருக்கிறது என்று நாம் சொல்லிக்கொள்வது உண்மையில்லை. பவுலரின் ஓட்டம், மணிக்கட்டு, பந்து கையை விட்டுக் கிளம்பும் கோணம் ஆகியவற்றை வைத்து வரப்போவதை முன்கூட்டியே படித்துவிடும் பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தால்தான் அவர்களுக்கு நேரம் கிடைக்கிறது.

அப்படியானால் "பந்தைப் பார்" என்ற அறிவுரை வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத்துக்கு எழுத்து அதைக் கடைப்பிடிக்க முடியாவிட்டாலும், அது ஒரு நல்ல காரியத்தைச் செய்கிறது: பையனின் கவனத்தை அவனுடைய உடம்பிலிருந்து எடுத்து வெளியே வைக்கிறது. அதே கோச் அடுத்த நிமிஷமே, "இடது முழங்கையைத் தூக்கு, முன்காலை நீட்டு, தலையை ஆட்டாதே, மணிக்கட்டை இறுக்காதே" என்று நான்கு கட்டளைகளை அடுக்குகிறாரே, அப்போது அந்தக் கவனம் மறுபடி உடம்புக்குள் புகுந்துவிடுகிறது. கடந்த கால் நூற்றாண்டாக விளையாட்டு உளவியலும் இயக்க அறிவியலும் அக்கறையோடு துருவிப் பார்த்திருப்பது இந்த வேறுபாட்டைத்தான். அசையும்போது மனம் எங்கே இருக்க வேண்டும்? கையிலா, கை செய்து முடிக்கும் காரியத்திலா?

இந்தக் கேள்வியின் வேர் எந்த ஆடுகளத்திலும் இல்லை, மாஸ்கோவின் ஓர் உழைப்பு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் அங்கிருந்த மத்திய உழைப்பு நிறுவனத்தில் நிக்கொலாய் பெர்ன்ஷ்டைன் என்ற இளம் மருத்துவர் சேர்ந்தார். தொழிலாளியின் உழைப்பை எப்படிச் செம்மைப்படுத்துவது என்பதே அந்த நிறுவனத்தின் கவலை. பெர்ன்ஷ்டைன் எடுத்துக்கொண்டது உளியைச் சுத்தியலால் அடிக்கும் வேலை. தொழிலாளியின் தோள், முழங்கை, மணிக்கட்டு, சுத்தியல் எல்லாவற்றிலும் சிறு மின்விளக்குகளைக் கட்டி, ஒவ்வோர் அடியின்போதும் அந்த விளக்குகள் போகும் பாதையைப் புகைப்படத் தகட்டில் பதிந்தார். பல ஆண்டுகளாகத் தினமும் அதே அடியை அடித்துப் பழகிய கைகள் அவை. எனவே எல்லா அடிகளும் அச்சில் வார்த்ததுபோல இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள்.

அப்படி இல்லை. சுத்தியலின் முனை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே பாதையில் வந்து உளியில் விழுந்தது. அந்த முனையைச் சுமந்து வந்த மூட்டுகளோ முறைக்கு முறை வேறுபட்டன. ஓர் அடியில் தோள் சற்று அதிகம் சுழன்றால் முழங்கை குறைவாக விரிந்து ஈடுகட்டியது. மறு அடியில் மணிக்கட்டு அந்தப் பொறுப்பை ஏற்றது. 1960களின் பிற்பகுதியில் சோவியத் ஆய்வாளர்கள் கைத்துப்பாக்கி சுடும் வீரர்களிடமும் இதையே கண்டார்கள். தேர்ந்த வீரரின் மணிக்கட்டும் தோளும் ஒன்றின் நடுக்கத்தை மற்றொன்று எதிர்த்திசையில் அசைந்து சரிக்கட்டின. அதனால் துப்பாக்கிக் குழல் அசையாமல் நின்றது. புதியவர் எல்லா மூட்டுகளையும் விறைப்பாகப் பூட்டி வைத்திருந்தார், அப்படியும் குழல் ஆடியது.

இது சின்ன விஷயமில்லை. விரல்களை விட்டுவிட்டாலும், தோளிலிருந்து மணிக்கட்டு வரை நம் கை ஏழு வகைகளில் சுழலவும் மடங்கவும் கூடியது. ஒரு புள்ளியைத் தொட முப்பரிமாணத்தில் மூன்று எண்கள் போதும். கையில் இருப்பதோ ஏழு. ஆகவே அதே புள்ளியைத் தொட எண்ணற்ற வழிகள் உண்டு. இத்தனை வழிகளில் ஒன்றை அறிவு உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. சிறுமூளையும், மூளையின் அடியாழத்தில் இருக்கும் நரம்புத்திரள்களும், தண்டுவடமும் சேர்ந்து, அடைய வேண்டிய விளைவை மையமாக வைத்து, அந்தந்தக் கணத்துக்குப் பொருத்தமான வழியைக் கட்டிக்கொள்கின்றன. பெர்ன்ஷ்டைன் 1947இல் எழுதிய பெரிய நூலுக்கு அடுத்த ஆண்டே ஸ்டாலின் பரிசு கிடைத்தது. அதன் பிறகு உடலியலாளர் பாவ்லோவின் கொள்கையை மறுத்தவர் என்ற பழி வந்து, ஆய்வுக்கூடத்தையும் வேலையையும் இழந்தார். மேற்கத்திய உலகம் அவரைப் பரவலாகப் படிக்கத் தொடங்கியது 1967க்குப் பிறகுதான். தாமதமாக வந்தாலும் இந்தத் துறையில் இன்று யாரும் அவரைத் தாண்டிப் போக முடிவதில்லை.

அடுத்த பெரிய பாய்ச்சல் இத்தாலியின் கார்டா ஏரியில் நடந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த இயக்க அறிவியலாளர் கேப்ரியேலே வுல்ஃப், காற்றுப்பாய் கட்டிய பலகைமேல் நின்று சறுக்கும் விளையாட்டில் ஒரு கடினமான திருப்பத்தைப் பழகிக்கொண்டிருந்தார். கால்களை எங்கே வைப்பது, பாதத்தை எப்படி அழுத்துவது என்று யோசித்தவரைக்கும் தண்ணீரில் விழுந்துகொண்டே இருந்தார். பாதத்தை விட்டுவிட்டு, பலகை எவ்வளவு சாய்கிறது என்பதில் மட்டும் மனத்தை வைத்ததும் திருப்பம் கைகூடியது. ஏரியில் தோன்றியதை அவர் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். 1998இல் வெளியான அந்த ஆய்வில், வளைந்த இரு தண்டவாளங்களின்மேல் சக்கரங்களில் ஓடும் ஒரு மேடை இருந்தது. பனிச்சறுக்குபோல இடமும் வலமுமாக அதை அசைக்க வேண்டும். ஒரு குழுவுக்கு, வெளிப்பக்கப் பாதத்தால் அழுத்துங்கள் என்று சொல்லப்பட்டது. இன்னொரு குழுவுக்கு, வெளிப்பக்கச் சக்கரத்தை அழுத்துங்கள் என்று சொல்லப்பட்டது.

சக்கரம் இருந்தது பாதத்துக்கு நேர் கீழே. அழுத்துவதும் அதே அழுத்தம்தான். மாறியது ஒரு சொல். ஆனால் இரண்டு நாள் பயிற்சிக்குப் பிறகு, மூன்றாம் நாள் எந்தக் குறிப்பும் தராமல் சோதித்தபோது சக்கரக் குழுதான் மேடையை அகலமாக வீசியது. நான் இந்தத் துறையில் படித்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தச் சோதனைதான். பாதத்துக்கும் சக்கரத்துக்கும் இடையில் இருந்த அந்தச் சிறு இடைவெளியில் ஒரு முழுப் பயிற்சிமுறையே அடங்கியிருந்திருக்கிறது.

அதன் பிறகு இதே மாதிரியான சோதனைகள் கோல்ஃப், கூடைப்பந்து, நீச்சல் என்று பரவின. நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டும் ஒரு சோதனையில், முழங்காலை வேகமாக நீட்டுவதை நினைத்துத் தாண்டியவர்களைவிட, கோட்டிலிருந்து முடிந்தவரை தூரமாகப் போய் விழுவதை நினைத்துத் தாண்டியவர்கள் சராசரியாகப் பத்து சென்டிமீட்டர் கூடுதலாகத் தாண்டினார்கள். 2005இல் கூடைப்பந்தின் ஃப்ரீ த்ரோவை எடுத்துக்கொண்டு, எறிபவரின் கைத்தசைகளில் மின்வாய்களை ஒட்டி அளந்தார்கள். மணிக்கட்டின் உதறலை நினைத்து எறிந்ததைவிட, வளையத்தின் பின்பக்க விளிம்பை நினைத்து எறிந்தபோது பந்து துல்லியமாகப் போனது. அது மட்டுமல்ல, கையின் முன்தசையிலும் பின்தசையிலும் மின்செயல்பாடு குறைந்திருந்தது. அதாவது, மணிக்கட்டை நினைத்தவருக்கு மணிக்கட்டு மட்டும் மாறவில்லை. நினைக்காத தசைகளும் சேர்ந்து இறுகின. உடம்பின் ஒரு பகுதியை வேண்டுமென்றே கட்டுப்படுத்தப் போனால் அக்கம்பக்கத்துத் தசைகளும் விறைத்துக்கொள்கின்றன. பெர்ன்ஷ்டைனின் தொழிலாளி கையில் மூட்டுகள் தமக்குள் நடத்திக்கொண்ட அந்தக் கொடுக்கல் வாங்கல் அப்போது நின்றுபோகிறது.

இனி, கவனத்தையே முற்றாக எடுத்துவிட்டால் என்ன ஆகும்? இதற்குப் பதில் தேடியவர் உளவியலாளர் சியான் பைலாக். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட கால்பந்துச் சோதனை, சுலபமானது, அதே சமயம் கூர்மையானது. வரிசையாக வைத்த கூம்புகளுக்கு இடையே பந்தை வளைத்து வளைத்து உருட்டிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு முறை, ஒலிபெருக்கியில் வரும் சொற்களைக் கேட்டுக்கொண்டே ஓடி, குறிப்பிட்ட ஒரு சொல் வந்ததும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இன்னொரு முறை, ஒலி கேட்டதும் கடைசியாகப் பந்தைத் தொட்டது பாதத்தின் உட்பக்கமா வெளிப்பக்கமா என்று சொல்ல வேண்டும். பழகிய ஆட்டக்காரர்களுக்குச் சொற்களைக் கேட்பது தடையாக இல்லை. பாதத்தைக் கவனித்தபோதுதான் அவர்களுடைய வேகம் குறைந்தது. புதியவர்களுக்கு இது நேர்மாறாக இருந்தது. பாதத்தைக் கவனித்தபோது நன்றாகவும், கவனம் சிதறியபோது மோசமாகவும் ஓடினார்கள்.

பிறகு அதே தேர்ந்த ஆட்டக்காரர்களை இடது காலால் உருட்டச் சொன்னார்கள். பல ஆண்டு அனுபவம் அந்தக் கணத்தில் கரைந்துவிட்டது. இடது காலில் அவர்கள் புதியவர்களைப் போலவே ஆனார்கள், பாதத்தைக் கவனிப்பதே உதவியது. ஒரே ஆள், ஒரே மூளை, ஒரே மைதானம். வலது காலுக்குக் கெடுதல் செய்த கவனம் இடது காலுக்கு நன்மை செய்தது.

இதை மறந்துவிட்டு, "எதையும் யோசிக்காதே, இயல்பாக ஆடு" என்று எல்லோரிடமும் சொல்வது பெரிய தவறு. முதல் வாரம் பேட் பிடிக்கும் குழந்தைக்கு இயல்பு என்று ஒன்று இன்னும் உருவாகவில்லை. பிடியை எப்படி வைப்பது என்று யாராவது கையைப் பிடித்துக் காட்டத்தான் வேண்டும். வருஷக்கணக்கில் ஆடியவர்களும் தம் அசைவைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்ட வேண்டிய காலம் வரும். டைகர் வுட்ஸ் உச்சத்தில் இருக்கும்போதே தன் கோல்ஃப் வீச்சை ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்றி அமைத்தவர். அந்த மாதங்களில் கவனம் உடம்புக்குள் போகாமல் எப்படி முடியும்? பிரித்துக் கட்டுவதற்கு ஒரு நேரம், ஆடுவதற்கு ஒரு நேரம் என்று இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொள்வதில்தான் நல்ல கோச்சின் சாமர்த்தியம் இருக்கிறது.

இரண்டும் தாமாகவே கலந்துவிடும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. அதுதான் நெருக்கடி. 1993 விம்பிள்டன் இறுதிப் போட்டியில் ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக மூன்றாவது செட்டில் யானா நோவோட்னா 4–1 என்று முன்னணியில் இருந்தார். 5–1 ஆக ஒரு புள்ளி போதும் என்ற நிலையில் சர்வீஸ் இரண்டு முறையும் தவறியது. அதிலிருந்து ஆட்டம் சரிந்து, செட்டை 4–6 என்று இழந்தார். அந்த நிமிஷங்களில் அவர் மனத்தில் என்ன ஓடியது என்பதை வெளியே இருந்து யாரும் அளக்க முடியாது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் நெருக்கடியை உண்டாக்கி அளந்தவர்கள் இருக்கிறார்கள். ஆய்வாளர் ராப் கிரே பேஸ்பால் பேட்டிங்குக்கு ஒரு மெய்நிகர் கருவி செய்து, வீரர்கள் அடிக்கும்போது இடையில் ஓர் ஒலியை எழுப்பினார். அந்தக் கணத்தில் பேட் மேலே போனதா கீழே போனதா என்று சொல்ல வேண்டும். தேர்ந்த வீரர்களுக்கு இது பெரும்பாலும் தெரியவே இல்லை. தம் பேட் எங்கே இருந்தது என்று அறியாமலேயே அவர்கள் பந்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பந்தயப் பணம் வைத்து அழுத்தத்தைக் கூட்டினார். அடி தவறத் தொடங்கியது. அதே நேரத்தில், பேட் போன திசையை அவர்கள் முன்பைவிடச் சரியாகச் சொன்னார்கள்!

கிரே 2004இல் வெளியிட்ட இந்த முடிவை நிதானமாகப் பார்க்க வேண்டும். பதற்றத்தில் கவனம் சிதறிவிடுகிறது என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். இங்கே நடந்தது அது இல்லை. தோற்றுவிடக் கூடாது என்ற அக்கறை கவனத்தை மிகுதியாக்கி, அதைத் தவறான இடத்தில், தன் கையின் அசைவில் கொண்டுபோய் வைத்துவிட்டது. பல ஆண்டு பழக்கத்தில் தானாக ஓடிய ஒன்றை, ஆரம்பப் பாடத்தில் படித்ததுபோல ஒவ்வொரு துண்டாக மறுபடி நடத்தப் பார்த்தார்கள். அடி சரியாக விழாமல் தொடர்ந்து சறுக்கிய கட்டங்களிலும் இதே அடையாளம் தெரிந்தது. ஆகவே தவறு செய்த வீரரிடம் "இன்னும் கவனமாக ஆடு" என்று கத்துவது, அவர் ஏற்கனவே அதிகமாகச் செய்துகொண்டிருப்பதை இன்னும் அதிகமாகச் செய்யச் சொல்வதாகத்தான் முடியும்.

பிரிட்டனின் ரிச் மாஸ்டர்ஸ் 1992இல் இதை வேறு பக்கத்திலிருந்து அணுகினார். கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளக் கற்கும் புதியவர்களில் ஒரு சாராருக்கு விரிவான விதிமுறைகள் கொடுத்தார். இன்னொரு சாராரைத் தள்ளும்போதே ஆங்கில எழுத்துகளைத் தாறுமாறாகச் சொல்லிக்கொண்டே இருக்க வைத்தார். வாய் ஓயாமல் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு விதி எதையும் யோசித்துச் சேர்த்துக்கொள்ள இடமே இல்லை. அவர்கள் மெதுவாகத்தான் கற்றார்கள். ஆனால் கடைசியில் பணமும் மதிப்பீட்டாளரும் வந்து நெருக்கடி கூடியபோது, விதிகள் தெரிந்தவர்கள் தடுமாறினார்கள், இவர்கள் தடுமாறவில்லை. நெருக்கடியில் எடுத்துப் புரட்டிப் பார்க்க இவர்கள் மனத்தில் ஏடு எதுவும் இல்லை. பின்னாளில் மாஸ்டர்ஸும் லியாவோ என்ற ஆய்வாளரும் டேபிள் டென்னிஸில் டாப்ஸ்பின் அடிக்கப் பன்னிரண்டு விதிகளுக்குப் பதில், ஒரு செங்கோண முக்கோணத்தின் சாய்ந்த பக்கத்தில் மட்டையை ஏற்றுவதாக நினைத்துக்கொள்ளும்படி மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படிக் கற்ற அடி கவனம் பங்குபோடப்பட்டபோதும் உடையவில்லை.

கவனத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு பயிற்சிக்கு வர வேண்டும். பத்தாயிரம் மணி நேரம் என்ற எண் நம் பெற்றோர்களிடையே ஒரு மந்திரமாகவே ஆகிவிட்டது. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் 1993இல் பெர்லின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து எழுதியதை எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் 2008இல் அப்படிச் சுருக்கிப் பரப்பினார். எரிக்சன் பேசியது மணிக்கணக்கை மட்டும் அல்ல, குறையைக் குறிவைத்துச் செய்யும் ஒரு தனி வகைப் பயிற்சியை. அதற்கும் எல்லை உண்டு. விளையாட்டு ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, வீரர்களுக்கு இடையிலான திறமை வேறுபாட்டில் அத்தகைய பயிற்சி 18 சதவீதத்தைத்தான் விளக்குகிறது என்றும், உச்ச நிலை வீரர்களை மட்டும் எடுத்தால் அது 1 சதவீதமாகச் சுருங்குகிறது என்றும் காட்டியது. மணிக்கணக்கைவிட, அந்த மணிகளுக்குள் என்ன அடுக்கப்படுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கலிபோர்னியாவின் ஒரு பல்கலைக்கழக பேஸ்பால் அணியில் நடந்து 1994இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஏற்கனவே நன்றாக ஆடும் வீரர்களுக்கு ஆறு வாரம், வாரம் இரண்டு நாள் கூடுதல் பேட்டிங் பயிற்சி. ஒவ்வொரு நாளும் 45 பந்துகள்: 15 வேகப்பந்து, 15 வளைபந்து, 15 வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து. ஒரு குழுவுக்கு ஒரு வகை முடிந்த பிறகே அடுத்த வகை. மற்றொரு குழுவுக்கு மூன்றும் கலந்து, அடுத்து எது வரும் என்று தெரியாமல். ஆட்டத்தில் வருவதுபோலவே கலந்து வீசி இறுதியில் சோதித்தார்கள். வரிசையாகப் பழகியவர்கள் 25 சதவீதம் முன்னேறியிருந்தார்கள், கலந்து பழகியவர்கள் 57 சதவீதம். கூடுதல் பயிற்சியே இல்லாதவர்கள் 6 சதவீதம். மூன்று வகை பேட்மின்டன் சர்வீஸ்களைப் புதிதாகக் கற்ற பெண்களிடம் 1986இல் செய்த ஆய்வும் இதையே சொன்னது.

இதில் மனத்துக்குக் கஷ்டமான ஒரு பகுதி இருக்கிறது. கலந்து பழகும்போது ஆட்டம் அலங்கோலமாகத் தெரியும். வரிசையாகப் பழகுபவர் அன்றைய மாலையில் பளிச்சென்று ஆடுவார். ஒரே பந்தை இருபது தடவை எதிர்கொண்டால், இருபத்தோராவது பந்து அழகாகத்தானே போகும்? வேலியோரம் நிற்கும் அப்பா மகிழ்ந்து போவார், கோச்சுக்கும் நல்ல பெயர். ஆனால் அந்த அழகு மறு வாரம் இருக்காது. பயிற்சியின்போது தெரியும் திறமையும், உள்ளே தங்கும் கற்றலும் வேறுவேறு என்பதை லாஸ் ஏஞ்சலஸின் உளவியலாளர் ராபர்ட் பியோர்க் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில் முந்தைய விடை மறந்துபோக வேண்டும். மறந்ததை மறுபடி கட்டும்போதுதான் அது வேரூன்றுகிறது. பெர்ன்ஷ்டைனும் இதையே சொல்லியிருந்தார்: பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது விடையை அல்ல, விடை காணும் செயலை.

டான் பிராட்மனின் பௌரல் வீட்டுக் கொல்லையை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய செங்கல் சுவரில் ஒரு கோல்ஃப் பந்தை எறிந்து, அது திரும்பி வரும்போது ஒரு ஸ்டம்பால் அடித்து விளையாடிய சிறுவன் அவன். செங்கல் வளைவில் பட்ட சிறிய பந்து எந்தக் கோணத்தில் திரும்பும் என்று சொல்ல முடியாது. முழங்கையைத் திருத்த அங்கே யாரும் இல்லை. பிற்காலத்தில் 99.94 என்ற டெஸ்ட் சராசரிக்கு அந்தக் கொல்லை மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பயிற்சித் திட்டம் அதைவிடச் சிறப்பாக அமைவது கடினம்.

நம் ஊர்த் தெருக்களிலும் அந்தத் திட்டம் இருந்தது. எதிர்வீட்டுக் காம்பவுண்டுக்குள் நேராகப் போனால் அவுட், இடது பக்கச் சுவரில் பட்டால் இரண்டு ரன், ஒரு பிட்ச் கேட்ச் உண்டு. ஒரு பந்து தார்ச்சாலையில் எகிறும், அடுத்தது சாக்கடை மூடியில் பட்டுப் படுத்துவிடும். பத்து வயதுப் பையனும் கல்லூரிப் பையனும் மாறி மாறிப் போடுவார்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராஜன், 2020–21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானவர். அவருடைய யார்க்கர் உருவானது அந்த மண்ணில்தான். இன்று கட்டணம் கட்டிச் சேரும் அகாடமிகளில், சீரான ஆடுகளத்தில், ஒரே அளவில் பந்தைத் துப்பும் மெஷின் முன் குழந்தைகள் வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. மெஷினுக்கு ஓடி வரும் உடம்பு இல்லை, மணிக்கட்டு இல்லை. லேண்டும் மெக்லியட்டும் கண்ட அந்த முன்கூட்டிய தாவலுக்கு முன்னால், கையைப் படிக்கும் பாடம் ஒன்று இருக்கிறதே, அதை அந்தக் குழந்தை எங்கே கற்கும்?

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் வாசகருக்குத் துரோகம் செய்ததாகும். இந்தத் துறையின் முடிவுகள் கல்வெட்டு அல்ல. வெளியில் வைக்கும் கவனமே மேல் என்று 2021இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு அறிவித்தது. அதே ஆய்வுகளை 2024இல் வேறொரு குழு மறுபடி எடுத்து, எதிர்பார்த்த முடிவு வராத சோதனைகள் அச்சேறாமல் போயிருக்கும் வாய்ப்பைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, அந்த மேன்மை வெகுவாகச் சுருங்கியது. கலந்து பழகும் முறையின் பலனும் ஆய்வுக்கூடத்தில் தெரிந்த அளவுக்கு மைதானத்தில் தெரிவதில்லை. பல சோதனைகளில் இருபது முப்பது பேர்தான் இருந்தார்கள். தேர்ச்சியின் உச்சியில் இருப்பவர்களுக்குச் சக்கரம், பாதம் என்ற எந்தக் குறிப்புமே தேவையில்லாமலும் போகலாம். சர்க் து சொலெய் என்ற சர்க்கஸின் வித்தைக்காரர்களைக் காற்றடைத்த ரப்பர் தட்டின்மேல் நிற்கவைத்து வுல்ஃபே 2008இல் சோதித்தபோது, எந்த அறிவுரையும் தராத நிலையில்தான் அவர்கள் உடம்பு மிக நுட்பமாகச் சமன் செய்துகொண்டது. எனவே பத்து சென்டிமீட்டர் கூடும், 57 சதவீதம் ஏறும் என்று யாருக்கும் வாக்குறுதி தர முடியாது. ஆனாலும் உட்கவனம் மேல் என்று காட்டும் சான்றுகள் தேர்ந்தவர்களைப் பொறுத்தவரை மிக அரிது. சொல்லை மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு பைசா செலவும் இல்லை. பள்ளியின் பி.டி. சார் நாளைக் காலையே செய்து பார்க்கலாம். உயரம் தாண்டும் பெண்ணிடம் "இடுப்பைத் தூக்கும்மா" என்பதற்குப் பதில் "கம்புக்கு மேலே வானத்தைத் தள்ளும்மா" என்று சொல்லிப் பார்த்து, எது அவளுக்கு உதவுகிறது என்று அளவு நாடாவிடம் கேட்கலாம்.

மைதானத்தைவிட இதற்கு அதிக அவசரம் இருக்கும் இடம் ஒன்று உண்டு. பக்கவாதம் வந்து ஒரு கை செயலிழந்தவருக்குக் கோப்பையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதே பெரிய விளையாட்டு. பிசியோதெரபி அறைகளில் நோயாளியிடம் பேசப்படுவதைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஏறக்குறைய எல்லா அறிவுரைகளும் உடம்பைப் பற்றியே இருந்தன: முழங்கையை நீட்டுங்கம்மா, தோளைத் தளர்த்துங்க, விரலை விரிங்க. 2002இல் அமெரிக்காவில் ஒரு குழு, பக்கவாதம் வந்தவர்களையும் வராதவர்களையும் அழைத்து, அலமாரியிலிருந்து டப்பாவை எடுப்பது, ஆப்பிளைக் கூடையில் போடுவது, காபிக் கோப்பையைத் தட்டில் வைப்பது என்ற மூன்று வேலைகளைக் கொடுத்தது. ஒரு சுற்றில் கையைப் பற்றி யோசிக்கச் சொன்னார்கள். மறு சுற்றில் அந்தப் பொருளைப் பற்றி, அதன் அளவு, எடை, அது இருக்கும் இடம் பற்றி யோசிக்கச் சொன்னார்கள். பொருளை யோசித்தபோது பக்கவாதம் வந்தவர்களின் கையும் வேகமாகவும், திக்கித் திணறாமலும் நகர்ந்தது. சென்னையிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் நூற்றுக்கணக்கான அறைகளில் இன்று காலையும் யாரோ ஒரு பெரியவர் தன் முழங்கையையே உற்றுப் பார்த்துக்கொண்டு அதை நீட்ட முயன்றிருப்பார். அவர் முன்னால் ஒரு மேசையும், அதன்மேல் அவர் குடிக்க விரும்பும் ஒரு டம்ளர் தண்ணீரும் இருந்தால், "கையை நீட்டுங்க" என்பதற்குப் பதிலாக "தண்ணியை எடுங்க ஐயா" என்று சொல்ல முடியும்.